ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எலிதான் எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் ஃபோன் அடித்தால் என் மாமியார் அதை எடுத்து முதலில் ஸ்பீக்கரில் போடுகிறார். நீ "எப்படிடி இருக்கே" என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கென்ன குறைச்சல், ராணி மாதிரி இருக்கா" என்று அத்தை பதில் சொல்லிவிடுகிறார். நீயும் மனசு நிறைந்து ஃபோனை வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதில் என் பங்கு ஒரு "ம்".

இன்னொரு காரணமும் உண்டு. தபால்பெட்டி தெருமுனையில் இருக்கிறது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றால், பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு அப்படியென்ன காற்று என்று கேள்வி வரும். அக்காவுக்குக் கடிதம் போட வேண்டும் என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆகவே இது பாதி கடிதம், பாதி சாக்கு. கோபித்துக்கொள்ளாதே.

முதலாளியம்மா நலம். என் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தது வேலையில் என்னோடு ஜோடி சேர்ந்து லிஃப்ட் பழுது பார்க்கும் ஜோடி அண்ணன். பிள்ளையைப் பார்க்க வந்தவர் கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நான் எழுந்து, உட்கார்ந்து, துணி மாற்றி, மறுபடி எழுந்ததைப் பார்த்துவிட்டு, "நம்ம சூப்பர்வைசரே தேவலாம்மா, இதுதான் சரியான முதலாளி" என்றார். பிள்ளை பிறந்த இந்த மூன்று மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

அக்கா, பிள்ளை பிறந்ததும் உள்ளேயிருந்து ஒன்று பொங்கி வரும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நீ சொன்னாய். நானும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது தூக்கம். இப்போதும் வருவது அதுதான். அவளைப் பிடிக்காமல் இல்லை. அவள் கொட்டாவி விட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது. ஆனால் ஒரு கொட்டாவிக்கும் அடுத்த கொட்டாவிக்கும் நடுவில் ஒரு முழு நாள் கிடக்கிறது. படுக்கையறை, ஹால், துணி காயும் பால்கனி, மறுபடி படுக்கையறை. எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில் லிஃப்ட் மெஷின் ரூம் தெரிகிறது. யாரோ அதன் கதவைப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். காற்றில் அது அடித்துக்கொண்டே இருக்கிறது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மெக்கானிக் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

இது எல்லோருக்கும் இப்படித்தானா, இல்லை எனக்கு மட்டுமா? அதை மட்டும் எழுது, போதும்.

உன் எலி


ஜூன் 10

எலிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து அன்று போலவே இன்றும் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. ஸ்டூடியோவில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

உனக்கு மட்டும் இல்லை. புதிதாகப் பெற்றவர்கள் எல்லோரும் கொஞ்ச நாள் இப்படி மூக்கைச் சிந்துவார்கள். அதைப் பெரிதுபடுத்தாதே. இன்று காலை ஒரு பிள்ளையைப் படம் எடுக்கக் கொண்டுவந்தார்கள். அறையைச் சூடாக்கி, கம்பளி விரித்த கூடையில் படுக்க வைத்து, கன்னத்துக்கு அடியில் கையை மடித்து வைத்தேன். அசையாமல் தூங்கியது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "உங்க கையில மட்டும் எப்படிங்க இப்படி அடங்குது?" என்றாள். பிள்ளைகளுக்குக் கைதான் தெரியும், எலி. உன் கை ஸ்பானர் பிடித்த கை. அது படபடக்கிறது, அதனால் அவளும் படபடக்கிறாள். நிதானமாகத் தூக்கு. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள். நீ சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

நான் வந்திருந்தபோது உன்னையும் பிள்ளையையும் எடுத்த படத்தைக் கடை முகப்பில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அதைக் காட்டி, "எங்களுக்கும் இதே மாதிரி வேணும்" என்று கேட்கிறார்கள். என் தங்கைதான் என்று சொல்ல வாய் வரும். கண் பட்டுவிடுமோ என்று அடக்கிக்கொள்வேன். உங்கள் வீட்டு ஹாலுக்கு அனுப்பியதும் அதே படம்தானே. சோர்வாக இருக்கும்போதெல்லாம் அதைப் பார். நீ எவ்வளவு கொடுத்து வைத்தவள் என்று தெரியும்.

மாப்பிள்ளை ஃபோன் செய்தார். ஆகஸ்டில் நீ வேலைக்குத் திரும்புவது பற்றியும், ஏதோ பகல்நேரக் காப்பகத்தில் பிள்ளையை விடுவது பற்றியும் என் யோசனையைக் கேட்டார். முதல் இரண்டு வருஷம் பிள்ளைக்கு அம்மா மடிதான், கூலிக்குத் தூக்குகிறவர்கள் கை வேண்டாம் என்று சொன்னேன். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதைத்தான் நான் சொன்னேன். லிஃப்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

அத்தான் உன்னை விசாரித்தார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 16

அக்காவுக்கு,

நீ ஃபோனில் சொன்ன ஒரு வாக்கியம் இங்கே சட்டமாகிவிட்டது. நான் எதைச் சொன்னாலும் "உங்க அக்காவே சொல்லிட்டாங்களே" என்கிறார் உன் மாப்பிள்ளை. அத்தைகூட இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை. இத்தனைக்கும் அந்தக் காப்பகத்தை நீ பார்த்ததே கிடையாது. எங்கள் கம்பெனி டிப்போவுக்கு அடுத்த வாசல்தான். மத்தியானம் நான் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு உன் வயதுதான் இருக்கும். தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பிள்ளையாக உருண்டுகொண்டிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது.

வேலையை விடுவதாக ஒரு தாளை உன் மாப்பிள்ளை அடித்து வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜ் மேலே பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. என் கையெழுத்துதான் பாக்கி. ஜூலை இருபதுக்குள் சூப்பர்வைசருக்கு நான் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். என் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது. நேற்று உன் மாப்பிள்ளையிடம் சண்டை போட்டேன். "உங்க அக்கா சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நானே கிழிச்சுப் போடறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சாயங்காலம் வந்ததும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவள் சிரிக்கிறவரைக்கும் அப்பா பிள்ளை. அழ ஆரம்பித்தால், "உன்னைத்தான் தேடுது" என்று என்னிடம் வந்துவிடும்.

நீ சொன்னபடி படத்தைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியாது, சோபாவுக்கு நேரே தொங்குகிறது. நான் முடியவில்லை என்றால் அத்தை அதைத்தான் காட்டுகிறார். "இப்படிச் சிரிச்சவ இப்ப ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" அக்கா, அன்று நான் சிரிக்கவில்லை. நீ கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாய், நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன். வாய் ஓரத்தைக் கம்ப்யூட்டரில் நீதான் மேலே தூக்கினாய். கண்ணுக்கு அடியில் இருந்த கருப்பையும் நீதான் அழித்தாய். உன் வேலை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் அந்தப் படத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் மேலே மெஷின் ரூமில் இருப்போம், ஒருவர் கீழே குழியில் இருப்போம். ஒருவருக்கு ஒருவர் கண்ணில் பட மாட்டோம். நான் கீழேயிருந்து "ஆள் குழியில இருக்கு" என்று சொன்னால், அண்ணன் மேலேயிருந்து "ஆள் குழியில இருக்கு" என்று அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி", "ம்", "கவலைப்படாதே" எதுவும் செல்லாது. சொன்னது அப்படியே திரும்பி வந்து, "கேட்டது, நகர்த்தலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் லிஃப்டைத் தொடலாம். இல்லாவிட்டால் என் தலைமேல் வந்து இறங்கும்.

இந்த வீட்டில் நான் சொன்னதை யாரும் திருப்பிச் சொல்வதில்லை. முடியலை என்றால், "எல்லாம் பழகிடும்" என்று வருகிறது. பயமாயிருக்கு என்றால், "சாப்பிட்டியா" என்று வருகிறது. உன்னிடம் எழுதினேன், "சிரித்த மாதிரி வைத்துக்கொள்" என்று வந்தது.

முதலாளியம்மா இப்போதெல்லாம் எங்கள் கட்டிடத்து லிஃப்டில்தான் தூங்குகிறாள். அந்த உறுமலும் ஆட்டமும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. வயிற்றில் இருந்தபோதே கேட்ட சத்தம்தானே. ஒன்பது மாடியும் ஏறி இறங்குகிறோம். கதவு திறந்தால் முழித்துக்கொள்கிறாள். வாட்ச்மேன் முறைக்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள், அக்கா. நான் உன்னிடம் கேட்பது அது மட்டும்தான்.

எலி


ஜூன் 22

எலிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் வருத்தப்பட்டிருப்பார், எனக்காக.

படத்தில் நீ சிரிக்கவில்லையா, சரி. அதைச் சரிசெய்யும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு எல்லாம் நல்லபடியாக வாய்த்துவிட்டது, படமும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊரார் பிள்ளைகளையெல்லாம் நான் கூடையில் வைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படம் முடிந்ததும் அவர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் கம்பளியை உதறி மடித்து வைப்பேன். அதில் கொஞ்ச நேரம் சூடு இருக்கும். அதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டியதில்லை. நானும் அத்தானும் எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கினோம் என்று கூட வந்து உட்கார்ந்திருந்த உனக்கே தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்காத ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, அதைச் சிறை மாதிரி எனக்கே எழுதுகிறாய். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் ஆறுதல் சொல்வேன் என்று யோசித்தாயா? எனக்குக் கிடைத்திருந்தால் லிஃப்டில் வைத்துச் சுற்றியிருக்க மாட்டேன். மடியை விட்டு இறக்கியிருக்கவே மாட்டேன்.

நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அது உன் நல்லதுக்குச் சொன்னதா, பிள்ளையின் நல்லதுக்குச் சொன்னதா என்று கேட்டால், பிள்ளையின் நல்லதுக்குத்தான். அவளுக்காகப் பேசவும் ஒரு ஆள் வேண்டும்.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குழந்தை நன்றாக இருக்கிறாள். எடை கூடியிருப்பதாக டாக்டர் சொன்னார். அத்தையும் அவரும் நலம். இங்கே மழை இல்லை.

நீ எழுதியது சரிதான். உன்னிடம் அப்படி எழுதியிருக்கக் கூடாது. இப்போது சிரித்த முகமாகவே இருக்கிறேன், அத்தைகூடப் பாராட்டினார். வேலையை விடச் சம்மதம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நல்ல நாளாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

இனிமேல் கடிதம் எழுத வேண்டியிருக்காது. தபால்பெட்டி வரைக்கும் போக வேண்டும் என்றும் எனக்கு இப்போது தோன்றுவதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

தங்கை


ஜூலை 3

எலிக்கு,

நேற்று மாப்பிள்ளை ஃபோன் செய்தார். நீயும் பிள்ளையும் போன லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, வெகுநேரம் உள்ளே மாட்டிக்கொண்டீர்கள், உங்கள் கம்பெனி ஆள் வந்துதான் இறக்கினார் என்றார். "நல்லவேளை, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல" என்று அத்தை குரல் கேட்டது. எலிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். ஃபோனை அவளிடம் கொடுங்கள் என்றேன், தூங்குகிறாள் என்றார்கள். நீ பகலில் தூங்க மாட்டாய். சின்ன வயதில் அடித்துப் படுக்க வைத்தாலும் தூங்கியதில்லை.

உன் போன கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வந்த அன்று, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்று படித்தால் வேறு யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. "தங்கை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நீ எனக்கு அப்படிப் போட்டதே இல்லை.

கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்ன நடந்தது? எழுது.

அக்கா


ஜூலை 8

அக்கா,

லிஃப்ட் பழுதாகவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

பயப்படாதே, முழுவதும் படி. அன்று காலை பிள்ளையைப் பார்க்க அத்தையின் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். பசி என்றார் ஒருவர், வயிற்றுவலி என்றார் ஒருவர், தூக்குகிற விதம் சரியில்லை என்றார் இன்னொருவர். சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், தாடை வலித்தது. தூங்க வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கேயும் விடவில்லை. மூன்றாம் மாடியில் ஏறினவர், "தொப்பி போடக் கூடாதா?" என்றார். ஏழாம் மாடியில் ஏறினவர், "இவ்வளவு துணி சுத்துனா புழுங்காதா?" என்றார். ஒருவழியாக ஆட்கள் இறங்கி, ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது அவள் தூங்கிப்போனாள். ஆறாம் மாடியில் யாரோ பட்டனை அழுத்தியிருந்தார்கள். விளக்கு எரிந்தது. கதவு திறந்தால் முழித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து.

என் லிஃப்ட் சாவி கால்சட்டைப் பையிலேயே இருந்தது. பட்டன்களுக்குக் கீழே ஒரு சின்னக் கதவு உண்டு, எங்கள் சாவிக்கு மட்டும் திறக்கும். உள்ளே நிறுத்தும் ஸ்விட்ச் இருக்கிறது. தட்டிவிட்டேன். நின்றது.

அதில் ஆபத்து எதுவும் இல்லை. காற்று வரும், விளக்கு எரியும், கயிறு அறுந்து விழுவதெல்லாம் சினிமாவில்தான். தரையில் உட்கார்ந்து அவளை மடியில் கிடத்தினேன். எவரும் என்னைக் கூப்பிட முடியாத ஒரு இடத்தில் இருந்தேன், அக்கா. நீ நம்புவாயோ மாட்டாயோ, அன்றுதான் என் மகளை நான் நன்றாகப் பார்த்தேன். காது மடலில் மெல்லிய முடி இருக்கிறது. தூக்கத்தில் ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்குகிறாள், நம் அப்பா கணக்குப் பார்க்கும்போது தூக்குவாரே, அப்படி. நீ சொன்னாயே பொங்கி வரும் என்று, அது அப்போது வந்தது. யாரும் பார்க்காதபோது வந்தது.

பிறகு கதவுகளைத் தட்டினார்கள். அத்தை என் பெயர் சொல்லாமல் பிள்ளையைக் கூப்பிட்டார். யாரோ கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறார்கள். இன்டர்காம் கரகரத்தது. ஜோடி அண்ணன் மேலே மெஷின் ரூமுக்கு வந்துவிட்டார். எந்த ஸ்விட்ச் தட்டியிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

"உள்ளே யாரு?" என்றார்.

"நான்தான், அண்ணே."

"பிள்ளை?"

"பிள்ளை தூங்குது."

"பிள்ளை தூங்குது. நீ?"

"நான் நல்லா இல்ல, அண்ணே." சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

"நீ நல்லா இல்ல" என்று அவர் திருப்பிச் சொன்னார். "ஆள் குழியில இருக்கு" என்று சொல்லும் அதே குரல்தான். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு நேரம் வேணும்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம். சரி. நான் மேலேயே இருக்கேன்."

வெளியே இருந்தவர்களிடம் வேலை நடக்கிறது, கதவுப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். அழுது முடித்தபோது அவள் முழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்சைப் பழையபடி போட்டுவிட்டுக் கீழே போனோம். கதவு திறந்ததும் எல்லோரும் அவளை வாங்கிக்கொண்டார்கள். என் கையில் சாவி இருந்ததை உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். இப்போது நான் லிஃப்டில் ஏறினால் யாராவது கூட வருகிறார்கள். இந்தக் கடிதத்தைப் போடுவதற்கும் அவர் கூட வருவார். ஒட்டித்தான் எடுத்துப்போவேன். வேலையை விடும் பேச்சு அன்று எனக்குச் சாதகமாக இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பிள்ளையை வச்சுக்கிட்டு லிஃப்டை நிறுத்துறவளை எதை நம்பி வேலைக்கு அனுப்புறது?" என்றார்.

உன் துக்கம் எனக்குத் தெரியும். அதைவிட என்னுடையது பெரிது என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் தராசில் வைக்காதே. நான் ஒன்று சொல்கிறேன், அண்ணன் செய்த மாதிரி திருப்பிச் சொல், போதும். அறிவுரை வேண்டாம்.

நான் உள்ளே இருக்கிறேன். என் மகளை எனக்குப் பிடிக்கும். நாள் முழுக்க இந்த வீட்டில் நான் ஒருத்தியே அவளுக்கு என்று இருந்தால் நான் இல்லாமல் போய்விடுவேன். நான் வேலைக்குப் போக வேண்டும்.

தாள் இன்னும் டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. இருபதாம் தேதி வரை கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

எலி


ஜூலை 13

எலி,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றும் "நீ என்ன செய்ய வேண்டுமென்றால்" என்றுதான் ஆரம்பித்தன. எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. இது நாலாவது.

நீ உள்ளே இருக்கிறாய். உன் மகளை உனக்குப் பிடிக்கும். நாள் முழுக்க அந்த வீட்டில் நீ ஒருத்தியே அவளுக்கு என்று இருந்தால் நீ இல்லாமல் போய்விடுவாய். நீ வேலைக்குப் போக வேண்டும்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது. நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்கு இன்னும் உன்மேல் பொறாமைதான், அது போகாது, போகும் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ சொன்னது கேட்டுவிட்டது. கேட்காத மாதிரி இனி இருக்க முடியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தாள். கைப்பிள்ளை, கூட யாரும் இல்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள், வாய் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழக்கமாக நான் தோளைத் தட்டி எழுப்பிவிடுவேன், அடுத்த ஆள் காத்திருப்பார்கள். அன்று எழுப்பக் கை வரவில்லை. பிள்ளையைக் கூடையில் வைத்தேன். அது தூங்கவில்லை. அழுதது. தூக்கினேன், நடந்தேன், பாடினேன், அறையைச் சூடாக்கினேன், சூட்டைக் குறைத்தேன். என் மேல் கக்கியது. என்னுடைய அமைதியான கை எதற்கும் ஆகவில்லை. அவள் முழிக்கிற வரைக்கும் அது நிற்கவில்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. எலி, நான் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுத்துத் தூங்க வைத்த பிள்ளைகளை மட்டும்தான் தூக்கியிருக்கிறேன்.

சாயங்காலம் உன் படத்தின் முதல் பிரதியைத் தேடி எடுத்தேன், ஒன்றும் திருத்தாதது. இதோடு வைத்திருக்கிறேன். நீ சொன்னது சரி, அது கொட்டாவிதான். தோளில் பால் கறை இருக்கிறது. ஆனால் நான் மறந்துபோன ஒன்றும் இருக்கிறது. பிள்ளையின் தலைக்கு அடியில் ஒரு கை தெரிகிறது பார். அது என் கை. நீ தூக்கத்தில் சரிந்துகொண்டிருந்தாய், அதனால் கேமராவை டைமரில் வைத்துவிட்டு, ஓரமாக நின்று தாங்கிக்கொண்டிருந்தேன். படம் அழகாக வர வேண்டுமென்று அந்தக் கையை வெட்டிவிட்டேன். நீ ஒருத்தியே அவளை ஏந்திக்கொண்டிருக்கிற மாதிரி ஆக்கியது நான்தான்.

கடை முகப்பில் இருப்பதை எடுக்க முடியாது, எங்கள் ஓனர் விட மாட்டார். கேட்டுப் பார்த்தேன், திட்டு வாங்கினேன். உங்கள் ஹாலில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு.

மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதிவிட்டேன். அந்தக் காப்பகம் சரி, அவள் வேலைக்குப் போகட்டும், முன்பு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினேன். அவள் லிஃப்டை நிறுத்தியது பிள்ளையைத் தூங்க வைக்க, உங்கள் வீட்டில் அதற்கு வேறு இடம் இல்லை என்றும் எழுதினேன். அவர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் முதல் வாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். பிள்ளை வளர்க்கச் சொல்லித்தர இல்லை. துணி துவைக்க.

அக்கா


ஜூலை 19

அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவருடையதை அவர் நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். சொன்ன சொல்லுக்காகத் தாளை எடுத்துக் கிழித்தார். கிழித்துவிட்டு, "மூணு மாசம் பார்ப்போம். பிள்ளைக்கு ஒரு சளி பிடிச்சாலும் நின்னுடணும்" என்றார். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்காது, அது அவருக்கும் தெரியும். சாவியை இன்னும் திருப்பித் தரவில்லை. டிப்போவில் வேறு வாங்கிக்கொள்ளலாம். சூப்பர்வைசரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீடு அதே வீடுதான். ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. காலையிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள், ஒற்றைக் கையால்தான் இதை எழுதுகிறேன், அதனால் கோழி இன்று அதிகமாகக் கிளறியிருக்கும்.

படத்தை நானே மாட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இது என்ன மூஞ்சி, பழைய படமே நன்றாயிருந்ததே என்றார். பிறகு கிட்டே போய் விரலை வைத்து, "இது யார் கை?" என்று கேட்டார்.

"எங்க அக்கா கை" என்றேன்.

அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "போ, போய்க் கடுதாசியைப் போட்டுட்டு வா" என்றார். இந்தக் கடைசி வரிகளைத் தபால்பெட்டியின் மேல் வைத்து எழுதுகிறேன், கூட யாரும் வரவில்லை.

கேட்டது, அக்கா. நகர்த்தலாம்.

உன் எலி